க்யூட் தேர்வில் மொழித்தாளாகத் தமிழ் எடுக்கலாமா? டி.யூ. பி.காம் ஆனர்ஸுக்காகக் கேட்கிறேன்

ஆர்.கே.புரம் அப்பா:

எல்லாருக்கும் வணக்கம். மகள் இங்கே டெல்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியில் பன்னிரண்டாவது படிக்கிறாள். ஆங்கிலம், தமிழ், அக்கவுண்டன்சி, பிசினஸ் ஸ்டடீஸ், எகனாமிக்ஸ். கணக்குக்குப் பத்தாவதோடு முழுக்குப் போட்டுவிட்டாள். டி.யூ.வில், அதாவது டெல்லிப் பல்கலைக்கழகத்தில், பி.காம் ஆனர்ஸ்தான் வேண்டும் என்கிறாள். அதற்கு க்யூட் என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். வெங்கடேஸ்வரா கல்லூரி கிடைத்தால் மதியம் வீட்டுக்கு வந்தே சாப்பிடலாம் என்பது அவள் அம்மாவின் கணக்கு.

பக்கத்துக் கோச்சிங் சென்டரில் விசாரித்தேன். "தமிழா? இங்கிலீஷ் பேப்பர் இல்லாமல் டி.யூ.வில் நடக்காது அங்கிள்" என்று ஒரு பையன் சிரித்துவிட்டு, இங்கிலீஷும் ஜெனரல் டெஸ்ட் என்ற பொது அறிவு, திறனறித் தாளும் சேர்த்து ஒரு பேக்கேஜை நீட்டினான். இவளுக்குத் தமிழில் எப்போதும் 95க்குக் குறையாது. ஆங்கிலத்தில் 80 தாண்டுவதே பெரிய பாடு. தஞ்சாவூரில் இருக்கும் மச்சானோ, "பிளஸ் டூ மார்க்கை வைத்து இங்கேயே சேர்த்துவிடலாமே மாப்பிள்ளை, எதற்கு இந்த அவஸ்தை?" என்கிறார்.

மொழித்தாளாகத் தமிழ் எடுத்தால் டி.யூ. ஏற்குமா? விண்ணப்பத்தில் 'மீடியம்' என்று கேட்ட இடத்தில் தமிழ் என்று போட்டு வைத்திருக்கிறேன், இன்னும் பணம் கட்டவில்லை. அது போதுமா?

மயூர் விஹார் அம்மா:

சார், முதலில் அந்த மீடியத்தை மாற்றுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

நானும் போன வருஷம் இதே குழப்பத்தில் நின்றவள். மீடியம் என்பது வினாத்தாள் எந்த மொழியில் வர வேண்டும் என்பது. தமிழ் மொழித்தாள் என்பது தனிப் பாடம், பாடப் பட்டியலில் போய்த் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. என் மகளும் ஆங்கில வழிதான். தமிழ் நன்றாக வருமே என்று நான் மீடியத்தில் தமிழ் போட்டுவிட்டேன். அவள் பார்த்துவிட்டு, "அம்மா, டிரையல் பேலன்ஸுக்குத் தமிழில் என்ன, சொல்லு" என்றாள். எனக்கு வார்த்தையே வரவில்லை. இருப்பாய்வாம். குட்வில் என்றால் நற்பெயராம். இரண்டு வருஷம் ஆங்கிலத்தில் படித்த குழந்தை பரீட்சை ஹாலில் உட்கார்ந்து இதையா மொழிபெயர்க்கும்? திருத்தம் செய்ய விண்ணப்பத்தை மறுபடி திறந்தார்கள், பிழைத்தோம்.

இனி உங்கள் கேள்விக்கு. தாராளமாக எடுக்கலாம். டி.யூ. பி.காம் ஆனர்ஸுக்கு நான்கு தாள் வேண்டும்: மொழி ஒன்று, கணக்கு அல்லது அக்கவுண்டன்சி, அப்புறம் டி.யூ. கொடுத்திருக்கும் பட்டியலில் உள்ள பாடங்கள் இரண்டு. அந்த மொழி ஆங்கிலமாகத்தான் இருக்க வேண்டும் என்று எங்கேயும் இல்லை. க்யூட்டில் உள்ள 13 மொழிகளில் தமிழும் ஒன்று. ஆங்கிலத்தாள் வேண்டியது இங்கிலீஷ் ஆனர்ஸ் மாதிரி படிப்புகளுக்கு. ஜெனரல் டெஸ்ட் இந்த நான்கில் வராது, அந்தப் பேக்கேஜ் பணத்தைப் பத்திரமாக வையுங்கள்.

பன்னிரண்டாவதில் படித்த பாடமாக இருக்க வேண்டும் என்பதில் மட்டும் டி.யூ. கறார். உங்கள் மகள் தமிழ் படிக்கிறாளே, பிறகென்ன? 2025லிருந்து அதிகபட்சம் ஐந்து பாடம் எழுதலாம். அவள் படிப்பதும் ஐந்து. ஐந்தையும் போட்டுவிடுங்கள், ஆங்கிலம் கையிருப்பாக இருக்கட்டும். ஒன்று, கணக்கு இல்லாததால் எகனாமிக்ஸ் ஆனர்ஸ் கிடைக்காது. அதை இப்போதே சொல்லிவிடுங்கள். எங்கள் பிளாக்கில் ஒரு பையன் கணக்கும் இல்லாமல் அக்கவுண்டன்சியும் எழுதாமல் விட்டுவிட்டு, சீட் கேட்கிற நேரத்தில் பி.காம் ஆனர்ஸுக்குத் தகுதியே இல்லை என்று தெரிந்து இடிந்துபோனான். மார்க் நல்ல மார்க், பாவம்.

சவுத் கேம்பஸ் தம்பி:

அக்கா சொன்னது சரி, ஆனால் 95 வாங்குகிறாள் என்பதை வைத்துத் தமிழ்த்தாளை லேசாக எடுக்காதீர்கள் அங்கிள். நான் தமிழ் எழுதித்தான் வந்தேன். போர்டு பரீட்சை மாதிரி செய்யுள் மனப்பாடமும் நெடுவினாவும் இங்கே கிடையாது. பத்தியைப் படித்து விடை தேர்ந்தெடுப்பது, முன்பின்னாகக் கலைத்த வாக்கியத்தை அடுக்குவது, பொருள், எதிர்ச்சொல். 60 நிமிஷத்தில் 50 கேள்வி, ஐம்பதும் கட்டாயம். சரிக்கு 5, தப்புக்கு 1 போய்விடும். நம் வீட்டில் தமிழ் பேசினாலும் கண் ஹிந்திப் பெயர்ப்பலகைக்கும் ஆங்கிலப் புத்தகத்துக்கும் பழகிய கண். பெரிய பத்தியைத் திரையில் வேகமாகப் படிக்க எனக்கு மூன்று மாதம் ஆனது. தினம் ஒரு தலையங்கம் படிக்கச் சொல்லுங்கள், மொபைலில் வேண்டாம், கம்ப்யூட்டரில்.

தஞ்சாவூர் மாமா சொல்வதும் தப்பில்லை. தமிழ்நாட்டுக் கலைக் கல்லூரிகளில் பிளஸ் டூ மார்க்தான். ஆனால் திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு அவரும் க்யூட்டுக்குத்தான் வர வேண்டும்.

மயூர் விஹார் அம்மா:

இன்னொன்று விட்டுவிட்டேன். இனிஷியல்! பத்தாவது சான்றிதழில் பெயர் எப்படியோ, விண்ணப்பத்திலும் அப்படியே இருக்கட்டும். எங்களுக்கு ஆதாரில் இனிஷியலை விரித்து என் வீட்டுக்காரர் பெயரே குடும்பப் பெயராக உட்கார்ந்திருந்தது. அதைச் சரிசெய்ய நான் அலைந்த அலைச்சல் தனிக் கதை.

ஆர்.கே.புரம் அப்பா:

மீடியத்தை ஆங்கிலமாக மாற்றிவிட்டேன். ஐந்து பாடமும் போட்டாயிற்று. இருப்பாய்வு என்றால் என்ன என்று மகளிடம் கேட்டேன், "இருட்டில் ஆய்வா அப்பா?" என்றாள். ஆதாரை எடுத்துப் பார்த்தால் எங்களுக்கும் அதே கதிதான், மேடம். சான்றிதழில் 'எஸ்', ஆதாரில் என் முழுப்பெயர். நாளைக்கு அரை நாள் லீவு சொல்லியிருக்கிறேன், ஆதார் மையத்துக்கு என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?