பூனையின் தெள்ளுப்பூச்சியும் மகளின் காலில் எழும் தடிப்புகளும்

கும்பகோணம் வாசகி:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் ஒரு பழைய ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். ஐப்பசி மழையில் நனைந்து வந்து திண்ணையில் ஒதுங்கிய பூனை ஒன்று எங்களோடே தங்கிவிட்டது. வந்த பத்தாம் நாள், கொல்லைப்புற அறையில் தேங்காய் மட்டை குவித்து வைத்திருக்கும் மூலையில் மூன்று குட்டிகள் போட்டது. அவற்றில் ஒன்றுதான் பிழைத்திருக்கிறது. அதற்கு இப்போது ஐந்து வாரம் ஆகிறது.

என் மகளுக்கு நான்கு வயது. மூன்று வாரங்களாக அவளுடைய கணுக்காலைச் சுற்றியும், பாவாடை நாடா கட்டும் இடத்திலும், கடுகளவில் தொடங்கும் சிவந்த தடிப்புகள் மொச்சைக்கொட்டை அளவுக்குப் பெருத்துவிடுகின்றன. சிலவற்றின் நடுவில் சிறிய நீர்க்கொப்புளமும் இருக்கிறது. இரவெல்லாம் சொறிகிறாள், காலையில் விரிப்பை எடுத்தால் ரத்தப் புள்ளிகள். அவளோடு ஒரே பாயில் படுக்கும் எனக்கோ, என் கணவருக்கோ, மாமியாருக்கோ ஒரு தடிப்புக்கூட இல்லை. மருத்துவர் பார்த்துவிட்டு ஒவ்வாமையாக இருக்கலாம் என்றும், பூனையை அகற்றிவிடுவது நல்லது என்றும் சொன்னார். நேற்று பேன்சீப்பால் பூனையின் முதுகை வாரியபோது, பழுப்பு நிறத்தில், பக்கவாட்டில் நசுங்கினாற்போன்ற பூச்சி ஒன்று சீப்பிலிருந்து தாவி ஓடியது. உண்ணி இப்படித் தாவாது என்பதால் இது தெள்ளுப்பூச்சியாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பூனையைச் சாக்கில் கட்டி மார்க்கெட் பக்கம் விட்டுவிடலாம் என்கிறார் மாமியார். மகளோ குட்டியை மடியில் வைத்துக்கொண்டுதான் சாப்பிடவே உட்காருகிறாள். அவளுக்கு ஒத்துக்கொள்ளாதது பூனையா, பூச்சியா என்பதை எப்படி அறிவது? வளர்ப்புப் பிராணிகளுக்கான கடையில், நாய்ப் படம் போட்ட சொட்டு மருந்து ஒன்றைக் கொடுத்து, பூனைக்குப் பாதி அளவு விடலாம் என்றார்கள். இன்று மாலை விடலாம் என்றிருக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

திருச்சி அண்ணன்:

தங்கையே, அந்தச் சொட்டு மருந்தைத் தயவுசெய்து விடாதீர்கள். உடனே அட்டையைப் புரட்டி, அதில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லியின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். நாய்களுக்கான சொட்டு மருந்துகள் பலவற்றில் அது இருக்கிறது. நாயின் உடல் அதைச் சிதைத்து வெளியேற்றிவிடும். பூனையின் கல்லீரலுக்கு அந்தத் திறன் மிகக் குறைவு. நான்கு ஆண்டுகளுக்கு முன் எங்கள் வெள்ளைப் பூனைக்கு, இதேபோல் ஒருவர் சொன்னதை நம்பிப் பாதி அளவுதான் விட்டேன். மூன்று மணி நேரத்தில் காது மடல்கள் துடிக்கத் தொடங்கின. பிறகு உடம்பு முழுவதும் நடுங்கி வலிப்பு வந்தது. விடியும் முன் இறந்துவிட்டது. பாதி, கால் என்ற கணக்கெல்லாம் இதில் செல்லாது. ஏற்கெனவே விட்டிருந்தால், பாத்திரம் துலக்கும் சோப்பு நீரை வெதுவெதுப்பாக்கி உடனே கழுவிவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

கும்பகோணம் வாசகி:

அண்ணா, விடவில்லை. அட்டையில் நீங்கள் சொன்ன அதே பெயர் இருக்கிறது. கை நடுங்குகிறது. மிக்க நன்றி.

கால்நடை மருத்துவர், ஓய்வு:

அன்புச் சகோதரிக்கு, நல்லவேளை தப்பியது. தெள்ளின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ளாமல் செய்யும் எந்த வைத்தியமும் பாதியில் நின்றுவிடும் என்பதால், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நீங்கள் சீப்பில் பார்த்தது வளர்ந்த பூச்சி. ஒரு பெண் தெள்ளு பூனையின் ரத்தத்தைக் குடித்துவிட்டு ஒரு நாளைக்கு 40 முட்டைகள் வரை இடும். அந்த முட்டைகள் ஒட்டும் தன்மை அற்றவை. பூனை படுக்கும், குதிக்கும், உடம்பைச் சொறியும் இடங்களிலெல்லாம் உப்புத்தூள் போல உதிரும். அவற்றிலிருந்து வரும் புழுக்கள் வெளிச்சத்தை விட்டு விலகி, பாயின் அடியிலும் தரை வெடிப்பிலும் உங்கள் தேங்காய் மட்டைக் குவியலிலும் புகுந்து, பூச்சிகள் கழித்த காய்ந்த ரத்தத்தைத் தின்று வளரும். ஈரப்பதம் இருந்தால்தான் அவை பிழைக்கும் என்பதால் மழைக்காலம் அவற்றுக்குக் கொண்டாட்டம். பிறகு கூடு கட்டும். அந்தக் கூட்டின் மேல் தூசியும் மணலும் ஒட்டிக்கொள்வதால் கண்ணுக்கும் தெரியாது, தெளிக்கும் மருந்தும் உள்ளே எளிதில் புகாது. ஆக, பூனையின் மேல் காண்பது சிறு பகுதிதான். பெரும்பகுதி வீட்டுக்குள் இருக்கிறது.

இதனால்தான் மாமியாரின் யோசனையை ஏற்க முடியவில்லை. பூனையை விரட்டிவிட்டாலும் கூடுகளிலிருந்து பூச்சிகள் வந்துகொண்டே இருக்கும். கடிக்கப் பூனை இல்லாதபோது அவை மனிதர்களைத்தான் கடிக்கும், அதிலும் தரையோடு தரையாக விளையாடும் குழந்தையைத்தான் அதிகம் கடிக்கும். மருந்திட்ட பூனை வீட்டில் உலவினால், வெளிவரும் பூச்சிகள் அதன் மேல் ஏறி மடியும். பூனையே உங்களுக்குப் பொறியாகிவிடும்.

தாய்ப் பூனையையும் குட்டியையும் ஒரு கூடையில் வைத்து அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோய் எடை பார்க்கச் சொல்லுங்கள். பால் கொடுக்கும் தாய்க்கு செலாமெக்டின் போன்ற சொட்டு மருந்தை, அது நக்க முடியாதபடி பிடரியில் மயிரை விலக்கித் தோலின் மேல் விடலாம். எது, எவ்வளவு என்பதை மருத்துவரே முடிவு செய்யட்டும். மருந்து காயும்வரை மகள் தொடக்கூடாது. ஃபிப்ரோனில் சொட்டு மருந்தை 8 வாரத்துக்கு உட்பட்ட குட்டிக்கு விடக்கூடாது. ஐந்து வாரக் குட்டிக்கு இப்போதைக்குப் பேன்சீப்புதான் மருந்து: தினமும் இருமுறை வாரி, சிக்கும் பூச்சியைச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள், வெறும் தண்ணீரில் அது மிதந்து தப்பிவிடும். குட்டியின் ஈறுகளையும் பாருங்கள். இளஞ்சிவப்பாக இல்லாமல் வெளிறியிருந்தால் ரத்தசோகை என்று பொருள். சின்னக் குட்டிகள் தெள்ளுக்கடியாலேயே இறந்துபோவதுண்டு. உங்கள் மற்ற இரண்டு குட்டிகள் எதனால் போயின என்று எனக்குத் தெரியாது, ஆனால் மிஞ்சியிருப்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

வீட்டைப் பொறுத்தவரை, போர்வை, தலையணை உறை, பூனை படுக்கும் துணி ஆகியவற்றை வாரம் ஒருமுறை கொதிக்கும் நீரில் ஊறவைத்துத் துவைத்து, உச்சி வெயிலில் காயப்போடுங்கள். தேங்காய் மட்டையை இன்றே வெளியேற்றுங்கள். கரப்பானுக்காகச் சுவரில் கிழிக்கும் சாக்பீஸும் பெர்மெத்ரின் வகையறாதான். பூனை காலில் ஒட்டி நக்கும், குழந்தையும் தொடும். பாச்சை உருண்டையும் கற்பூரமும் பூனைக்கும் குழந்தைக்கும் நஞ்சு. வேப்பெண்ணெயைப் பூனையின் மேல் பூசவும் வேண்டாம், நக்கினால் வாந்தியும் நடுக்கமும் வரலாம்.

நாகர்கோவில் அம்மா:

மருத்துவர் ஐயா பூனையைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் குழந்தையைப் பற்றிச் சொல்கிறேன். என் மகனுக்கு மூன்று வயதில் இதே நிலை. தோல் மருத்துவர் அதற்குப் பாப்புலர் அர்டிகேரியா என்று பெயர் சொன்னார். பூச்சியின் உமிழ்நீருக்குத் தோல் காட்டும் அதீத எதிர்வினை அது. இரண்டு வயதிலிருந்து பத்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளிடம்தான் அதிகம் காணப்படுமாம். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் உடம்பு பழகியிருக்கும். உங்களையும் பூச்சி கடித்துக்கொண்டுதான் இருக்கும், தோல் காட்டிக்கொடுப்பதில்லை, அவ்வளவுதான். இன்னொன்றும் சொன்னார்: புதிதாக ஒரு கடி விழுந்தால், ஆறிக்கொண்டிருந்த பழைய கடிகளும் மறுபடி தடித்து அரிக்கும். எனவே பத்துத் தடிப்புகள் என்றால் பத்துக் கடிகள் என்று எண்ணிப் பயப்பட வேண்டாம்.

பூனையே ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளுக்கு அறிகுறி வேறு மாதிரி இருக்கும். பூனையின் எச்சிலிலும் தோல் சுரப்பிலும் உள்ள புரதம் காய்ந்து காற்றில் கலப்பதால், அடுக்குத் தும்மல், கண் அரிப்பு, மூக்கொழுகல், இரைப்பு ஆகியவையே முதலில் தெரியும். கணுக்காலில் கொத்துக் கொத்தாக எழுவது பெரும்பாலும் பூச்சிக்கடிதான். இரண்டும் சேர்ந்தே இருக்கக்கூடும் என்பதால், தும்மலோ இரைப்போ இருந்தால் ஒவ்வாமைச் சோதனை செய்யக் கேளுங்கள்.

நாங்கள் செய்த எளிய சோதனை ஒன்று உண்டு. பூனையை வெள்ளைத் துணியின் மேல் நிறுத்தி வாரி, உதிரும் கருந்துகள்களை நனைத்த பஞ்சில் ஒற்றினால், சாதாரண அழுக்கு கறுப்பாகவே இருக்கும். தெள்ளின் கழிவு செம்பழுப்பாகக் கரைந்து பரவும். அந்த நிறத்தைப் பார்த்த பிறகுதான் என் வீட்டுக்காரருக்கே நம்பிக்கை வந்தது.

அரிப்புக்குக் குழந்தையின் எடைக்கு ஏற்ப மருத்துவர் எழுதிக்கொடுக்கும் சிரப், மேலே கலமைன் லோஷன், ஒட்ட வெட்டிய நகங்கள், குளிர்ந்த ஈரத்துணி ஒத்தடம்: எங்களுக்கு இவையே போதுமானதாக இருந்தன. மருந்துக்கடையில் தாமாகக் கொடுக்கும் களிம்பை மட்டும் பூசாதீர்கள். அவற்றில் பல, வலுவான ஸ்டீராய்டு கலந்தவை. குழந்தையின் தோலை மெலியச் செய்துவிடும். சொறிந்த இடத்தில் மஞ்சள் பொருக்கோ சீழோ வந்தாலும், காய்ச்சல் வந்தாலும், அன்றே காட்டுங்கள். உதடோ கண்ணிமையோ வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ யோசிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

கும்பகோணம் வாசகி (26 நாள் கழித்து):

தாய்ப் பூனைக்கு மருந்து விட்டாயிற்று. பஞ்சு செம்பழுப்பாக மாறியதை மாமியாரிடமும் காட்டினேன். அதன் பிறகு அவர் சாக்குப் பேச்சை எடுக்கவில்லை. மகளுக்குத் தும்மலோ இரைப்போ இல்லை. இரண்டு வாரம் புதுத் தடிப்பே இல்லாமல் இருந்து, நேற்று மறுபடி மூன்று வந்திருக்கின்றன. மருந்து பொய்த்துவிட்டதா? மனம் சோர்ந்துவிட்டது.

கால்நடை மருத்துவர், ஓய்வு:

பொய்க்கவில்லை, சகோதரி. நான் சொன்ன கூடுகள்தான் இப்போது திறக்கின்றன. உள்ளிருக்கும் பூச்சி வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில்கூடக் காத்திருக்கும். காலடி அதிர்வும், உடல் சூடும், மூச்சுக்காற்றும் பட்டால் வெளிவரும். பூட்டிய வீட்டைத் திறந்ததும் தெள்ளு மொய்ப்பது இதனால்தான். நீங்கள் தினமும் பெருக்கித் துடைப்பதே அவற்றைக் கிளப்பிவிடும், அது நல்லதுதான். கிளம்பியவை பூனை மேல் ஏறிச் சாகும். மூன்று மாதமாவது, தவணை தவறாமல் மருந்து விடுங்கள். குட்டி 8 வாரத்தைத் தாண்டிவிட்டதால் அதையும் எடை பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். தெள்ளின் வழியாக நாடாப்புழுவும் பரவும் என்பதால், இரண்டுக்கும் புழு மருந்து கேட்டு வாங்குங்கள். இலவம்பஞ்சு மெத்தை ஏதேனும் அந்த அறையில் இருக்கிறதா?

கும்பகோணம் வாசகி:

இருக்கிறது, ஐயா. மாமனார் காலத்து மெத்தை. பூனை அதன் அடியில்தான் பகலெல்லாம் படுக்கும். இதை எழுத எனக்குத் தோன்றவேயில்லை.

கும்பகோணம் வாசகி (மாசி மாதம்):

போகிக்கு முன்பே அந்த மெத்தையை அப்புறப்படுத்திவிட்டோம். தூக்கியபோது அடியில் மிளகுத்தூள் கொட்டியது போல் கருந்துகள்கள் கிடந்தன. தரை வெடிப்புகளில் சிமெண்ட் பூசிக்கொள்ள வீட்டு உரிமையாளர் சம்மதித்தார். தைப்பூசத்துக்குப் பிறகு மகளுக்குப் புதுத் தடிப்பு ஒன்றும் வரவில்லை. பழைய இடங்களில் கருந்தழும்பு மட்டும் இருக்கிறது, அது மங்கச் சில மாதங்கள் ஆகும் என்று தோல் மருத்துவர் சொல்லியிருக்கிறார். நேற்று வெள்ளைத் துணியில் நிறுத்தி இரண்டையும் வாரினேன். உதிர்ந்தது மயிர் மட்டும்தான். குட்டி 1.6 கிலோ இருக்கிறது. அடுத்த தவணை மருந்து வரும் வெள்ளிக்கிழமை. அன்றே தாய்ப் பூனைக்குக் கருத்தடை அறுவைக்கு நாள் கேட்டுவரப் போகிறோம், மாமியாரும் கூட வருகிறார்.