600 சதுர அடிக்கு செம்மண் லோடு, புல் விதை: எப்படி வாங்கி எப்ப போடறது?

மேடவாக்கம்வாசி:
வணக்கம் மக்களே. வீட்டுக்குப் பின்னாடி சுமார் 600 சதுர அடி சும்மா கெடக்கு, முழுக்க களிமண், வெயில்ல பாளம் பாளமா வெடிச்சிரும் மழை வந்தா தண்ணி நின்னுரும். பசங்க விளையாட புல்தரை போடணும்னு ஆசை. செம்மண் எவ்ளோ சொல்லணும், குட்டியானைல (டாடா ஏஸ் மாதிரி சின்ன சரக்கு வண்டி) எடுத்துட்டு வரலாமா இல்ல டிப்பர் லாரி தானா? புல்லு ஷீட்டா வாங்கி பதிக்க கேட்ட ரேட் கட்டுப்படியாகல, அதான் விதை போடலாம்னு பாக்குறேன். ஆவணி பொறந்துடுச்சு, இப்ப போட்டா வருமா? தெரு 12 அடி தான், அதையும் சொல்லிடுறேன்.

லோடுக்கணக்கு:
சார், 600 சதுர அடிக்கு 4 இஞ்ச் உசரம்னா 200 கன அடி. 100 கன அடி ஒரு யூனிட், ஆக 2 யூனிட். தண்ணி விட்டதும் மண்ணு நல்லா அமுங்கும், அதனால ரெண்டரையா சொல்லுங்க. வண்டி வந்ததும் கொட்ட விடாதீங்க, மேல ஏறி டேப் வெச்சு நீளம் அகலம் உசரம் அளங்க, நடுவுல குவிச்சிட்டு ஓரத்துல கம்மியா இருக்கும், அதனால ஓரத்து உசரத்தையும் பாருங்க. டிரைவர் மொறைப்பாரு, பரவால்ல, காசு உங்களுது.

குட்டியானை மண்ணுக்கு வேணாம். அது தாங்குறதே முக்கா டன் சொச்சம், செம்மண் ஒரு கன அடியே 40 கிலோ கிட்ட வரும், ஈரமா இருந்தா அதுக்கும் மேல, அப்ப ஒரு நடைக்கு 20 கன அடி கூட ஏறாது. எரு, கோகோபீட் (தேங்கா நார்த்தூள்) மூட்டை எடுத்துட்டு வர அது போதும். உங்க தெருவுக்கு சின்ன டிப்பரா சொல்லி நடை நடையா எறக்கிக்கோங்க. பகல்ல லாரிக்கு நேரக் கட்டுப்பாடு இருக்குறதால பெரும்பாலும் ராத்திரி தான் வருவாங்க, ஆளுங்களை காலைல சீக்கிரமே வர சொல்லி வெச்சிருங்க, ஏன்னா கேட் முன்னாடி குவியல் கெடக்கும்போது ஒரு மழை பெஞ்சா பாதி மண்ணு மழைநீர் வடிகாலுக்குள்ள போயிரும், தெருவே திட்டும். தார்ப்பாய் போட்டு மூடுங்க. லோடுக்கு நடைச்சீட்டு, அதாவது மண்ணு ஏத்திட்டு வர்றதுக்கான அரசு அனுமதிச் சீட்டு, இருக்கான்னும் கேட்டுக்கோங்க.

வேப்பமரத்தடி:
அளவை விட முக்கியமானது கோரைக் களை. இதை யாருமே மொதல்ல சொல்றதில்ல, எனக்கு அது தான் வருத்தம். செம்மண்ணோட கோரைக்கிழங்கு வந்துருச்சுன்னா புல்லுக்கு முன்னாடி அது எந்திரிச்சு நிக்கும், மேல புடுங்கினா கிழங்கு உள்ள அப்படியே இருந்து திரும்ப முளைக்கும், புல்லு வந்தப்புறம் மண்ணைத் தோண்டவும் முடியாது. லோடு எறங்குறப்ப ஒரு கை மண்ணை அள்ளி உதிர்த்துப் பாருங்க, சின்னச் சின்னதா கருப்புக் கிழங்கும் வேரும் தட்டுப்பட்டா வேணாம்னு திருப்பி அனுப்பிருங்க. நல்ல மண்ணா தெரிஞ்சாலும் பரப்பி தண்ணி விட்டு ரெண்டு மூணு வாரம் சும்மா விடுங்க. முளைக்கிறதெல்லாம் முளைக்கட்டும், மம்முட்டியால கிழங்கோட தோண்டி எடுத்துட்டு அப்புறம் தான் விதை. எருவும் நல்லா மக்கினதா இருக்கணும், பச்சை சாணியா வாங்கினா மாடு தின்ன களை விதை அத்தனையும் வரும்.

இன்னொண்ணு, களிமண்ணை இளக்குறேன்னு மணல் கொஞ்சமா கலக்காதீங்க, காஞ்சா செங்கல் மாதிரி இறுகிடும். அடிமண்ணை கொத்திவிட்டு மக்கின எரு ஒரு இஞ்ச் கலந்து, செவுத்துலேருந்து வெளிப்பக்கம் தண்ணி ஓடுற மாதிரி சாய்வு கொடுத்து, அதுக்கு மேல செம்மண்.

ஈசிஆர்தோட்டம்:
விதைன்னா பெர்முடா தான், நம்ம அருகம்புல் ஜாதி. மெக்சிகன், கொரியன் புல் ரகம் எல்லாம் இங்க ஷீட்டாவோ கரணையாவோ (நடுறதுக்கான வேரோட புல் துண்டு) தான் கெடைக்கும். பெர்முடா உங்க இடத்துக்கு அரை கிலோ தாராளம். பொடி விதை, கைல எடுத்தா ஒரே இடத்துல கொட்டிரும், அதனால காஞ்ச மணலோட கலந்து பாதியை கிழக்கு மேற்கா, மீதியை தெக்கு வடக்கா தூவுங்க. கால் இஞ்சுக்கு மேல மூடாதீங்க. எறும்பு இழுத்துட்டுப் போகும், சுத்தி வேப்பம்புண்ணாக்குத் தூள் போடுங்க. ஒரு வாரம் பத்து நாள்ல முளைக்கும், அது வரைக்கும் பூவாளி இல்ல ஸ்ப்ரே தான், ஹோஸ் பைப்பை நேரா பிடிச்சா விதை ஒரு மூலைக்கு ஒதுங்கிரும்.

ஆனா இப்ப வேணாம் சார். வேப்பமரத்தடி சொன்ன மாதிரி களைக்கு டைம் விட்டு போட்டா புரட்டாசி ஆயிரும், ஐப்பசில வடகிழக்கு பருவமழை, வேர் பிடிக்காத நாத்து அடிச்சிட்டுப் போயிரும். மண்ணு இப்ப போடுங்க, மழை முழுக்க அமுங்கட்டும், தை மாசம் விதைங்க.

வேப்பமரத்தடி:
தைக்கு நானும் ஒத்துக்குறேன், ஆனா செம்மண்ணை மழைக்கு வெறுமையா விட்டா அரிச்சிடும். மேல வைக்கோல் பரப்பி ஓரத்துல செங்கல் வரிசை வைங்க. மழை முடிஞ்சு வர்ற கோரையையும் அப்பவே எடுத்துரலாம்.

மேடவாக்கம்வாசி:
ரொம்ப நன்றி, தை தான் முடிவு. ஒரு மூலைல வேப்பமர நெழல், காலைல ரெண்டு மணி நேரம் தான் வெயில். அங்கயும் இதே விதையா?

ஈசிஆர்தோட்டம்:
வராது. பெர்முடாவுக்கு நாள் முழுக்க வெயில் வேணும், நெழல்ல மெலிஞ்சு மஞ்சளாகி போயிரும். அந்த மூலைக்கு மட்டும் பஃபலோ கிராஸ் கரணை வாங்கி அரை அடிக்கு ஒண்ணா நடுங்க, நசரத்பேட்டை பக்கம் நர்சரிங்கள்ல விசாரிங்க. போர் தண்ணி உப்பான்னு பாத்துட்டு போங்க, அதையும் கேப்பாங்க.