வெளியுறவு நிலைக்குழு: ஏட்டுச் சுரைக்காயா?

காசிமேடு_குமரன்:
வெளியுறவுத் துறைக்கு நாடாளுமன்றத்தில் ஒரு நிலைக்குழு இருக்கிறது. மக்களவையில் 21 பேர், மாநிலங்களவையில் 10 பேர். அமைச்சர்கள் உறுப்பினராக முடியாது. மூடிய அறையில் கூடிப் பேசி ஓர் அறிக்கை தருவார்கள். அதை அரசு ஏற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பிறகு எதற்கு இந்தக் குழு? ஜெகதாப்பட்டினத்தில் என் மச்சானுடைய விசைப்படகு எல்லை தாண்டியதாகப் பிடிபட்டது. அக்கரையிலேயே கிடந்து பலகை மக்கி, இன்ஜின் துருப்பிடித்துப் போனது. எந்த அறிக்கை அதை மீட்டது?

தண்டையார்பேட்டை_வக்கீல்:
தம்பி, படகை மீட்பது அரசின் வேலை. ஏன் மீட்கவில்லை என்று அதிகாரியை உட்காரவைத்துக் கேட்பது குழுவின் வேலை. பரிந்துரைகளுக்கு மூன்று மாதத்துக்குள் அமைச்சகம் பதில் எழுத வேண்டும், ஏற்காவிட்டால் காரணத்தோடு. 1993-க்கு முன் இப்படித் துறைக்கொரு குழு கிடையாது. பல துறைகளின் மானியக் கோரிக்கை, அதாவது அவை செலவுக்குக் கேட்கும் பணம், அவையில் பேச்சே இல்லாமல் மொத்தமாக நிறைவேறிவிடும்.

அப்புறம், மூடிய அறை என்பதால்தான் கொஞ்சமாவது வாய் திறக்கிறார்கள். சீனப் படையோடு முறைத்துக்கொண்ட டோக்லாம் விவகாரத்தில் வெளியுறவுச் செயலாளர்களை அழைத்து விசாரித்துத்தான் 2018-ல் அறிக்கை கொடுத்தார்கள். 2025 மே மாதம் பாகிஸ்தானோடு மோதல் நின்ற கையோடு அப்போது வெளியுறவுச் செயலாளராக இருந்த விக்ரம் மிஸ்ரி இந்தக் குழு முன் வந்து உட்கார்ந்தார். டிவி கேமரா இருந்திருந்தால் ஆளுக்கொரு பிரசங்கம்தான் நடந்திருக்கும்.

காசிமேடு_குமரன்:
எல்லாம் முடிந்த பிறகு வந்து உட்கார்ந்தார், அதைத்தான் நானும் சொல்கிறேன். கச்சத்தீவு என்ன ஆனது? 1974-ல் ஒப்பந்தம் போட்டுவிட்டு அவையில் அறிக்கை வாசித்தார்கள். 1976 கடிதப் பரிமாற்றத்தில் மீன்பிடிப்பும் போனது. இன்றைக்கும் ஒப்பந்தம் போட நாடாளுமன்ற ஒப்புதல் தேவையில்லை. அமெரிக்காவில் செனட்டின் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும், தூதர் நியமனத்துக்கும் அங்கே ஒப்புதல் வேண்டும்.

தண்டையார்பேட்டை_வக்கீல்:
1974-ல் இந்தக் குழுவே இல்லையே! அதே வருடம் வங்கதேசத்தோடு போட்ட எல்லை ஒப்பந்தத்தைப் பார். 2013 டிசம்பரில் அதற்கான மசோதா வந்தபோது பாஜக எதிர்த்தது. மசோதா நிலைக்குழுவுக்குப் போனது. சசி தரூர் தலைமையிலான குழு 2014 டிசம்பரில் ஆதரவாக அறிக்கை தந்தது. 2015 மே மாதம், அதே பாஜக ஆட்சியில், ஓர் எதிர்ப்பு ஓட்டு கூட இல்லாமல் நிறைவேறியது. அவர்கள் நாட்டுக்குள் சிக்கியிருந்த நம் 111 நிலத்திட்டுகள் அவர்களுக்கு, நம் நாட்டுக்குள் சிக்கியிருந்த அவர்களுடைய 51 நமக்கு.

ராயபுரம்_ரஹீம்:
வக்கீல் சார், பாதிதான் சொல்கிறீர்கள். நிலத்தை விட்டுக்கொடுக்க அரசியல் சட்டத் திருத்தம் வேண்டும் என்று, மேற்கு வங்கத்துப் பெருபாரியில் ஒரு பகுதியைப் பாகிஸ்தானுக்குக் கொடுக்கும் விவகாரத்தில் 1960-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால்தான் மசோதா, அதனால்தான் குழு. கச்சத்தீவை “தகராறில் இருந்த இடம், நாம் எதையும் விட்டுத்தரவில்லை” என்று சொல்லி அந்தக் கதவையே சாத்தினார்கள். இன்று அப்படி ஒன்று நடந்தாலும் மசோதா வராது, ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் குழுவின் காதுக்கும் போகாது.

எர்ணாவூர்_செல்வி:
வெளியுறவு என்றால் தீவு மட்டுமா? என் அக்கா பையன் பத்தாவது பெயில். அவன் மாதிரிப் பையன்கள் வளைகுடா வேலைக்குப் போக குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும். மண்ணடியில் ஒரு ஏஜெண்ட் அவனை விசிட் விசாவில் ஏற்றிவிட்டான். அந்த விசாவுக்கு அனுமதி தேவையில்லை, ஆகவே சம்பள ஒப்பந்தம் எங்கேயும் பதிவாகவில்லை. போன இடத்தில் பேசிய சம்பளம் கிடைக்கவில்லை, புகார் கொடுக்கக் கையில் ஒரு தாளும் இல்லை. இந்த ஓட்டையெல்லாம் 1983 குடிபெயர்வுச் சட்டத்தில். புதுச் சட்டம் எங்கே என்று 2025-லும் இந்தக் குழுதான் கேட்டது. அவையில் எத்தனை பேர் கேட்டார்கள்?

காசிமேடு_குமரன்:
கேட்டது சரி அக்கா, பையனுக்குச் சம்பளம் வந்ததா?

தண்டையார்பேட்டை_வக்கீல்:
குழுவைத் திட்டவேண்டுமென்றால் அதன் ஆயுளைத் திட்டுங்கள், நானும் சேர்கிறேன். ஒரே வருடம்தான். ஒரு உறுப்பினர் விஷயம் புரிந்து கேள்வி கேட்கத் தொடங்கும்போது குழுவை மாற்றி அமைப்பார்கள்.

ராயபுரம்_ரஹீம்:
ஆயுளை ஐந்து வருடமாக்கினாலும், ஒப்பந்தத்தை முன்கூட்டியே காட்டச் சட்டம் இல்லாவிட்டால் பிரயோஜனமில்லை. முதலில் அது வரட்டும்.

தண்டையார்பேட்டை_வக்கீல்:
அது வரும்வரை சும்மா இருப்பதா? குமரா, உன் மச்சானிடம் படகுப் பதிவு எண், பிடிபட்ட தேதி, வழக்குத் தாள் எல்லாம் வாங்கி வை. குழுவுக்கு ஒரு மனு நான் எழுதித் தருகிறேன்.

காசிமேடு_குமரன்:
தாள் எல்லாம் இருக்கிறது, தருகிறேன். பதில் வராது என்று இப்போதே பந்தயம்.