டைகர் வருகிறானா, இல்லையா?

*குழு: ஆச்சி வீடு, வி.கே.புரம்*

கீதா: ஆடி அமாவாசைக்கு நாங்கள் மூன்று பேரும் வருகிறோம். நாயை, நம் டைகரை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

முத்து: நான்கு பேர் என்று சொல் 😀

வள்ளி அத்தை: அங்கே பார்த்துக்கொள்ள ஆள் இல்லையா

கீதா: மாடி வீட்டு அக்காவும் ஊருக்குப் போகிறார்கள் அத்தை. போன தீபாவளிக்கு ஒரு இடத்தில் காசு கட்டி விட்டோம். ஐந்து நாளில் இரண்டு கிலோ இளைத்து, காதுக்குள் உண்ணியோடு வந்தான். இனி அந்த வாசலை மிதிக்க மாட்டேன்.

ராஜி சித்தி: பாவம்

ராஜி சித்தி: காரையாறு கோவிலில் குடில் போட யார் முன்பணம் கொடுத்தது?

சுப்பையா பெரியப்பா: கீதா, ரயிலில் தாராளமாகக் கொண்டு வரலாம். 31 வருடம் பார்சல் ஆபீசில் இருந்தவன் சொல்கிறேன். செகண்ட் ஏசி, தேர்ட் ஏசி, ஸ்லீப்பர் எதிலும் நாயை ஏற்ற விடமாட்டார்கள். ஃபர்ஸ்ட் ஏசியில் இரண்டு பெர்த் கூபே முழுவதும் நம் பெயரில் இருந்தால் கூடவே வைத்துக்கொள்ளலாம். நீங்கள் மூன்று பேர், அதனால் நான்கு பெர்த் கேபின், நான்குக்கும் டிக்கெட். எது கிடைத்தது என்பது சார்ட் போட்ட பிறகுதான் தெரியும். இல்லாவிட்டால் கார்டு வேனில் நாய்ப்பெட்டி இருக்கும். தடுப்பூசி அட்டை, டாக்டர் சர்டிபிகேட் இரண்டும் கையில் வேண்டும். பார்சல் ஆபீசுக்கு முன்கூட்டியே போய்விட வேண்டும்

முத்து: பெரியப்பா மூச்சு விடுங்கள்

சங்கர்: பெட்டியில் ராத்திரி முழுக்க தனியாகவா மாமா?

சுப்பையா பெரியப்பா: ஆமாம் மாப்பிள்ளை. வண்டி நிற்கும் இடத்தில் நாம்தான் ஓடிப்போய்த் தண்ணீர் வைக்க வேண்டும். ஒரு தடவை ஒரு ராஜபாளையம் நாய் ஏறவே மாட்டேன் என்று நாலு காலையும் ஊன்றி நின்றுவிட்டது. கடைசியில் சொந்தக்காரர் ஒற்றைச் செருப்பைக் கழற்றி உள்ளே போட்டார். பின்னாலேயே போய் அதன்மேல் படுத்துக்கொண்டது.

கீதா: 🥺 பெட்டி வேண்டாம்

சங்கர்: அப்போ கார்தான். 650 கிலோமீட்டர். தாம்பரம் தாண்டுவதற்குள் வாந்தி எடுப்பான்.

முத்து: பட்டினியாகக் கிளப்புங்கள் அத்தான். விடிகாலை 4 மணிக்கு

வள்ளி அத்தை: வீடு வரை சரி. காரையாறுக்கு எப்படி? பாபநாசம் செக்போஸ்டில் பிளாஸ்டிக் பைக்கே வண்டியைக் குடைவான்.

சுப்பையா பெரியப்பா: முண்டந்துறை புலிகள் காப்பகம். 1988-ல் இருந்தே. வீட்டு நாயிடம் இருந்து காட்டு மிருகத்துக்கு நோய் ஒட்டும். விட மாட்டார்கள்.

முத்து: புலிகள் காப்பகத்தில் டைகருக்கு இடமில்லையா

முத்து: விட்டாலும் வேண்டாம். கோவிலில் பட்டவராயன் சாமிக்குக் காணிக்கை போட்ட செருப்பு மொத்தமும் அங்கேதான் கிடக்கும்

கீதா: 😂😂 ஐயோ

ராஜி சித்தி: சிரியுங்கள். போன தடவை முந்தானை போனது என்னுடையது.

கீதா: சித்தி, அதில் உங்கள் பேரன் ஐஸ்கிரீம் கொட்டியிருந்தான். டைகர் நக்கத்தான் செய்தான்.

ராஜி சித்தி: நக்கினால் பட்டு கிழியுமா

வள்ளி அத்தை: சரி விடுங்கள். பின்கட்டில் கட்டிப்போடலாம். கிணற்றடி நிழல் இருக்கிறது.

ராஜி சித்தி: பின்கட்டு எங்கள் பங்கு மதினி. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

*முத்து: இந்தச் செய்தி நீக்கப்பட்டது*

சுப்பையா பெரியப்பா: ராஜி, அது இப்போது எதற்கு

ராஜி சித்தி: நான் ஒன்றும் சொல்லவில்லை அத்தான். பொதுவாகச் சொன்னேன்.

கீதா: எனக்காக யாரும் சண்டை போட வேண்டாம். நான் வரவில்லை, அவரும் பிள்ளையும் வரட்டும்.

வள்ளி அத்தை: அடி விழும்

*வள்ளி அத்தை: குரல் செய்தி 0:14*

முத்து: ஆபீசில் இருக்கிறேன், கேட்க முடியாது. ஆச்சி பேசினாளா, என்ன சொல்கிறாள்?

வள்ளி அத்தை: "எனக்கு மலைக்கு வர முழங்கால் இல்லை. நான் திண்ணையில் கிடப்பேன், நாயும் கிடக்கட்டும்" என்கிறாள்.

கீதா: ஆச்சி ❤️ ஆனால் சங்கிலியை இழுத்தால் ஆச்சி விழுந்துவிடுவாளே

முத்து: டைகரா? பட்டாசுக்கே கட்டிலுக்கு அடியில் போகிறவன்

சங்கர்: நாளை டாக்டரிடம் காட்டிவிட்டுச் சொல்கிறேன். ஒன்பது வயது ஆகிவிட்டது அவனுக்கும்.

சுப்பையா பெரியப்பா: எதற்கும் கேபின் டிக்கெட் ஒரு தடவை பார்த்துவை கீதா. கார்டு வேன் விவரம் ராத்திரி விளக்கமாக எழுதுகிறேன்.

முத்து: 🙏

ராஜி சித்தி: குடிலுக்கு யார் முன்பணம் கொடுத்தது என்று கேட்டேன்