நூலகத்தில் பார்த்தது, இன்னும் மனசைவிட்டுப் போகாதது: பகிருங்கள்

கிளை நூலகர் (ஓய்வு)

ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகிறது. இது மட்டும் என்னை விடமாட்டேன் என்கிறது.

கணினியில் ஏற்றும் வேலை நடந்த சமயம். தேதிச் சீட்டில் ஐந்து வருஷமாக இரவல் முத்திரை விழாத புத்தகங்களுக்கு பார்கோடு ஒட்ட வேண்டாம், கழித்துவிடுங்கள் என்று மேலிடத்து உத்தரவு. போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு மேசை போட இடமும் வேண்டியிருந்தது. சரி என்று உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சீட்டைப் பார்த்து ஒதுக்கினேன். ஒரு புத்தகத்தின் கடைசிப் பக்கங்களுக்குள் காய்ந்த வாழைநார் ஒன்று கிடந்தது. உருவிக் குப்பையில் போட்டேன். புத்தகம் கட்டோடு எடைக்குப் போனது.

பேருந்து நிலையத்தில் பூ விற்கிற அம்மா ஒருவர், மதியம் வியாபாரம் ஓய்ந்ததும் வருவார். ஈரத்துணி போட்டு மூடிய கூடையை வாசலில் வைத்துவிட்டு, ஜன்னல் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து படிப்பார். உறுப்பினர் இல்லை. முகவரிச் சான்று எதிலும் அவர் பெயர் இல்லை என்பதால் சேர்க்க முடியவில்லை. அடுத்த வாரம் வந்தவர் அலமாரியை மேலிருந்து கீழ்வரை இரண்டு முறை பார்த்தார். அப்புறம் என்னிடம் வந்து, "சார், நம்ம புத்தகத்தைக் காணோமே" என்றார்.

சொன்னேன். "பரவால்ல சார், கொஞ்சந்தான் பாக்கி இருந்துச்சு" என்று கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அப்போதுதான் அந்த நார் ஞாபகம் வந்தது.

என் கண் முன்னாலேயே உட்கார்ந்து படித்தவர். நான் முத்திரையைத்தான் பார்த்தேன்.

கோட்டூர்புரம் வாசகன்

நான் நூலகர் இல்லை. 2011 நவம்பரில் அண்ணா நூற்றாண்டு நூலகத்தை இடம் மாற்றிவிட்டு, அந்தக் கட்டடத்தைக் குழந்தைகள் மருத்துவமனை ஆக்கப்போவதாக அறிவிப்பு வந்ததே, அதற்கு மறுநாள் அங்கே இருந்தேன். திறந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. பக்கத்தில் ஒரு கல்லூரிப் பையன் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தான். ஒரு கட்டுமானப் பொறியியல் புத்தகத்தின் அத்தியாயத்தை, படம் உட்பட, அப்படியே நோட்டில் இறக்கிக்கொண்டிருந்தான். "மூடிட்டா இத நான் எங்கண்ணா போய்ப் பார்க்கிறது?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. உயர் நீதிமன்றம் தடை விதித்தது, நூலகம் தப்பியது. இன்றைக்கும் சொந்தப் புத்தகம் படிக்கும் பகுதியில் இடம் தேடும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு அவன் விரல் மையும் அந்த அவசரமும்தான் ஞாபகம் வருகிறது.

யாழ்வாசி

நூலகர் ஐயா, உங்கட கவலை விளங்குது. ஆனால் கணனியைக் குற்றம் சொல்லாதையுங்கோ. 1981 மே 31 இரவு எரியத் தொடங்கின எங்கட யாழ்ப்பாண நூலகத்தில் ஏறக்குறைய 97,000 நூல்கள் போனது. அதில பலதுக்கு வேற பிரதி இருக்கேல்லை. அந்த நேரம் ஸ்கானர் ஒன்று இருந்திருந்தால் என்று நினைக்காத ஆள் இங்க இல்லை. 2005இல் 'நூலகம்' என்ற மின்னூலக இணையத்தளம் தொடங்கினதும் அந்த வலியிலதான் என்று நான் நம்புறன்.

நான் கொஞ்சக் காலம் பழைய வெளியீடுகளை மின்வருடுகிற வேலையில் இருந்தனான். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் தங்கட ஊர்ச் சனசமூக நிலையத்து ஆண்டு மலரைக் கொண்டு வந்தார். தகப்பன் வைத்திருந்தது. 1995 யாழ்ப்பாண இடப்பெயர்விலும் உடுப்போட சேர்த்துப் பொலித்தீனில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனவையாம். கையை நீட்டினன், தரேல்லை. "தம்பி, நீர் மெசினைப் பாரும். பக்கத்தை நான் புரட்டுறன்" என்றார். அறுபது பக்கமும் அவர்தான் புரட்டினார். முடிய, திரும்பச் சுற்றி, ரப்பர் பான்ட் போட்டு, சேர்ட்டுக்குள்ள வைத்துக்கொண்டு போனார்.

பள்ளி நூலகம்_மதுரை

யாழ் நண்பரே, அவர் கணினியைக் குறை சொன்ன மாதிரி எனக்குத் தெரியவில்லை. எதை எண்ணுகிறோம், எதை விடுகிறோம் என்பதுதானே அவர் சொல்வது?

என்னுடையது சின்னது. ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி பழைய கதைப் புத்தகம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, "மிஸ், இதுல எழுத்தெல்லாம் தப்பா அச்சாயிருக்கு" என்றாள். விரல் 'மலை'யின் மேல் இருந்தது. துதிக்கை மாதிரி வளைத்துப் போட்ட பழைய 'லை'. 1978இல் அரசாணை வந்து மாற்றியது, அதற்கு முன்னால் பெரும்பாலும் இப்படித்தான் எழுதினார்கள் என்று பலகையில் போட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசாமல் நின்றாள். "எங்க பாட்டி இப்படித்தான் எழுதும் மிஸ். அதுக்கு எழுதத் தெரியலன்னு நாங்க சிரிப்போம்" என்றாள். அந்த முகத்தை இன்னும் மறக்க முடியவில்லை.

அட்டவணைக்காரர்

எங்கள் கல்லூரி நூலகத்திலும் இதே மாதிரி ஒரு அகராதியை இழந்தோம், அது போகட்டும். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் யாராவது படித்தால் இதைக் கவனியுங்கள். படித்த புத்தகத்தை வாசகர்களே அலமாரியில் வைக்க விடாதீர்கள், மேசையிலேயே விடச் சொல்லுங்கள். மாலையில் திரும்ப அடுக்கும் முன் ஒவ்வொன்றையும் பதியுங்கள். கோஹா என்ற நூலக மென்பொருளில் உள்ளே வாசித்ததைத் தனியாகப் பதிய வழி இருக்கிறது. கணினி இல்லையா, பென்சிலால் தேதிச் சீட்டில் ஒரு கோடு போதும். கழிக்கப்போகும் பட்டியலை ஒரு மாதமாவது வாசலில் ஒட்டுங்கள். எழுத்துக் கூட்டிப் படிப்பவர்களும் வருவார்கள், வாயாலும் சொல்லுங்கள்.

அப்புறம் உறுப்பினர் விஷயம். 1948 பொது நூலகச் சட்டப்படி சொத்துவரியோடு நூலக வரியும் வாங்குகிறார்கள். வீட்டுக்காரர் அதை வாடகையில் சேர்த்துத்தான் வாங்குவார். ஆக, அந்தப் பூக்கார அம்மாவும் நூலகத்துக்குக் காசு கொடுத்தவர்தான். நூலக அறிவியலின் தந்தை ரங்கநாதன் 1931லேயே ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்று விதி வகுத்துவிட்டார். ஒரு சான்றுக்காக அவரை வெளியே நிறுத்தியது எனக்கு ஏற்கவே முடியவில்லை ஐயா. உள்ளூர் ஆசிரியர் ஒருவரிடம் கையெழுத்து வாங்கியாவது சேர்த்திருக்கலாம். புத்தகத்தின் பெயரைச் சொல்லுங்கள், எங்கள் அடுக்கில் தேடுகிறேன்.

கிளை நூலகர் (ஓய்வு)

சேர்த்திருக்கலாம். நீங்கள் சொல்வது சரி.

பெயரைத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். வங்காளத்திலிருந்து வந்த நாவல், அறுபதுகளின் மொழிபெயர்ப்பு. மதுரை ஆசிரியை எழுதியதைப் படித்ததும்தான் உறைத்தது. அந்த அம்மா மூன்றாம் வகுப்புவரை படித்தவர். பழைய எழுத்துப் புத்தகங்களாகப் பார்த்துத்தான் எடுப்பார். நாங்கள் கழித்ததில் பாதி அந்த எழுத்துதான்.

போன மாதம் பேருந்து நிலையத்தில் அவரிடம் பூ வாங்கினேன். இரண்டு முழம் அளந்து, அறுத்து, இலையில் வைத்து, நாரால் கட்டிக் கொடுத்தார். புத்தகத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

கிடைத்தால் பழைய பதிப்பாகவே பாருங்கள். அட்டை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கடைசிப் பக்கங்கள் இருக்க வேண்டும்.