கூகுள் கோடிங் ரவுண்ட்: ரன் பண்ண முடியாத எடிட்டர்ல 45 நிமிஷம், எப்படிப் பிரிக்கிறது?

கேள்வி:
வணக்கம். கூகுள் சாஃப்ட்வேர் இன்ஜினியர் வேலைக்கு மூணு வாரத்துல கோடிங் ரவுண்ட். ஒவ்வொண்ணும் 45 நிமிஷம், எழுதுற கோடை ரன் பண்ண முடியாதுன்னு ரெக்ரூட்டர் சொல்லிட்டாங்க. நான் ஜாவா. ரன் பண்ணிப் பார்த்தே பிழை திருத்திப் பழக்கம். நேரத்தை எப்படிப் பிரிக்கலாம்? கம்பைல் ஆகலைன்னா அவ்வளவுதானா?

பதில் 1:
செமிகோலன் விட்டுப்போனதுக்காக யாரும் ரிஜெக்ட் பண்றதில்ல. லாஜிக் தப்பை நீங்களே பிடிக்காம விட்டாதான் அடி.

முதல் 5 நிமிஷம் கேள்வி கேட்கத்தான். இன்புட் எவ்வளவு பெருசு, நெகட்டிவ் வருமா, காலியா வருமா, சார்ட் ஆகியிருக்கா? அளவு தெரிஞ்சாலே பாதி வழி தெரிஞ்சிடும். 20 எலிமெண்ட்னா எல்லா சப்செட்டும் (அதுல சிலதை மட்டும் எடுத்துச் சேர்க்கிற எல்லா விதமும்) பார்க்கலாம், சுமார் 10 லட்சம்தான். 1 லட்சம் எலிமெண்ட்ல லூப்புக்குள்ள லூப் போட்டா 1000 கோடி தடவை ஓடும், தாங்காது. சார்ட்டிங் (வரிசைப்படுத்துறது), ஹேஷ்மேப் (ஒரு மதிப்பை வச்சு இன்னொண்ணை உடனே தேடி எடுக்கிற அட்டவணை) பக்கம் போகணும்.

அடுத்த 8 நிமிஷம் வழியை வாயால சொல்லுங்க. ப்ரூட் ஃபோர்ஸை, அதாவது எல்லாத்தையும் ஒண்ணொண்ணா பார்க்கிற நேரடி வழியை, ஒரே வரியில சொல்லி, அது ஏன் மெதுவுன்னு சொல்லிட்டு, நல்ல வழிக்கு வாங்க. இன்டர்வியூ பண்றவர் சரின்னு சொன்ன பிறகு டைப் பண்ணுங்க. கோடுக்கு 20 நிமிஷம். மிச்சத்துல 7, 8 நிமிஷமாவது டெஸ்டுக்கு வேணும். பலரும் கோட்டை விடுறது இங்கதான்.

பதில் 2:
டெஸ்ட் பற்றி மட்டும் சொல்கிறேன். "முடிந்தது, சரியாகத்தான் இருக்கும்" என்று நிறுத்தாதீர்கள். சின்ன இன்புட் ஒன்றை எடுத்து, ஒவ்வொரு வேரியபிளின் மதிப்பையும் எடிட்டரிலேயே எழுதிக்கொண்டு வரிவரியாகப் போங்கள்.

எழுத்து திரும்ப வராத மிக நீளமான துண்டைக் கண்டுபிடிக்கும் கேள்வியையே எடுத்துக்கொள்வோம். துண்டின் இடது முனை எங்கே என்று குறித்துக்கொண்டு, ஒரு எழுத்து திரும்ப வந்தால் அது முன்பு இருந்த இடத்துக்கு அடுத்த இடத்துக்கு அந்த முனையை நகர்த்துவது ஒரு வழி (இடங்களை 0இலிருந்து எண்ணுகிறோம்). வேறெதையும் பார்க்காமல் நகர்த்தினால் கோடு தப்பு. "கசட" கொடுத்தால் தப்பான கோடும் 3 என்று சரியாகச் சொல்லும். "கசசக" கொடுங்கள். இரண்டாவது "ச"வில் இடது முனை 2க்கு நகரும். கடைசி "க" வரும்போது, அது முன்பு இருந்த இடம் 0 என்பதால் இடது முனை 1க்குப் பின்வாங்கும். விடை 2க்குப் பதில் 3 ஆகிவிடும். இடது முனை இப்போது இருக்கும் இடம், புதிய இடம் இரண்டில் பெரியதை எடுத்தால் சரியாகும். இப்படிக் கோடை உடைக்கும் இன்புட்டை நீங்களே தேடிக் கொடுப்பதுதான் டெஸ்ட்.

ஜாவாவில் இன்னொன்று: ஹேஷ்மேப்பிலிருந்து எடுத்த இரண்டு இன்டீஜர் (முழு எண்) ஆப்ஜெக்ட்டுகளை இரட்டைச் சமக்குறியால் (==) ஒப்பிடாதீர்கள்; அது மதிப்பை அல்ல, இரண்டும் ஒரே ஆப்ஜெக்ட்டா என்பதைத்தான் பார்க்கும். 127 வரை வேலை செய்யும், 128இலிருந்து பொய்க்கும். மதிப்பை ஒப்பிடும் ஈக்வல்ஸ் போடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க. நடுவுல மாட்டிக்கிட்டா அமைதியா யோசிக்கலாமா, பேசிக்கிட்டே இருக்கணுமா?

பதில் 1:
"ஒரு நிமிஷம் யோசிச்சுக்கறேன்"னு சொல்லிட்டு யோசிங்க, தப்பே இல்ல. ஆனா அஞ்சு நிமிஷம் மௌனம் வேண்டாம். இன்டர்வியூ பண்றவர் எழுதுற ஃபீட்பேக்கைப் படிச்சு முடிவெடுக்கிற ஹையரிங் கமிட்டி அந்த அறையில இருக்கிறதில்ல. மனசுக்குள்ள யோசிச்சது அவர் நோட்ஸ்ல ஏறாது. ஹிண்ட் கொடுத்தா உடனே பிடிச்சுக்கோங்க, பழைய வழிக்காக வாதாடாதீங்க.

பதில் 2:
பயிற்சியை இன்றே மாற்றுங்கள். ஆட்டோகம்ப்ளீட் இல்லாத வெறும் டாக்குமெண்டில், தினம் ஒரு கேள்வி, 45 நிமிஷ டைமர். கையால் ட்ரேஸ் செய்த (வரிவரியாக மதிப்பு எழுதிப் பார்த்த) பிறகே ஐடிஇயில், அதாவது கோடு எழுதி ரன் செய்யும் மென்பொருளில், ஒட்டி ரன் செய்யுங்கள். அங்கே வரும் ஒவ்வொரு பிழையையும் நோட்டில் குறித்து வையுங்கள். ஒரே வகைப் பிழை திரும்பத் திரும்ப வந்தால், ட்ரேஸ் செய்யும்போது முதலில் அதைத் தேடுங்கள்.