ஆப்பிரிக்காவில் ஆன்லைன் ஃப்ரீலான்சிங்: பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

பார்க்லேண்ட்ஸ்வாசி:

நைரோபிக்கு வந்து சில வருஷம் ஆகிறது. கணவருக்கு இங்கே வேலை. எனக்கு டிபெண்டன்ட் பாஸ், அதை வைத்துக்கொண்டு வேலைக்குப் போக முடியாது. அதனால் மற்றவர்கள் வேலை தேடுவதைக் கவனிக்க நேரம் நிறைய இருக்கிறது. எங்கள் அபார்ட்மென்ட் கேர்டேக்கரின் மகள் டிகிரி முடித்துவிட்டு ஆன்லைனில் சம்பாதிக்கக் கிளம்பினாள். பக்கத்தில் இருந்து பார்த்ததை எழுதுகிறேன். வேறு ஊர்களில் இருப்பவர்களும் எழுதுங்கள். "வீட்டிலிருந்தே மாதம் லட்ச ரூபாய்" வகை மட்டும் வேண்டாம்.

இங்கே காலேஜ் முடித்த பிள்ளைகள் முதலில் போய் விழுவது அப்வொர்க், ஃபைவர் மாதிரி வேலை பிடிக்கும் வெப்சைட்டுகளில் இல்லை, 'அகாடமிக் ரைட்டிங்'கில்தான். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் படிக்கிறவர்களுக்கு அசைன்மென்ட் எழுதித் தருவது. திக்கா ரோட்டில் யூனிவர்சிட்டி ஹாஸ்டல்களைச் சுற்றி இதை வைத்தே வாடகை கட்டுகிறவர்கள் உண்டு. ஒரு பக்கம் என்றால் 275 வார்த்தை. ரேட்டுக்கு 'சிபிபி', அதாவது 'காஸ்ட் பெர் பேஜ்', என்று பெயர். புதிதாகச் சேர்ந்தவளுக்கு பக்கத்துக்கு 300 ஷில்லிங் கிடைத்தால் பெரிசு, அதாவது இரண்டு டாலர் சொச்சம். எழுதச் சொன்ன மாணவன் அதே பக்கத்துக்குப் பத்து டாலருக்கு மேல் கட்டியிருப்பான். மீதி, எழுதிக் கொடுக்கும் வெப்சைட்டில் அக்கவுண்ட் வைத்திருக்கும் நடுவாளுக்கு. அந்த அக்கவுண்டும் பெரும்பாலும் யாரிடமோ விலைக்கு வாங்கியதுதான்.

எல்லாம் ராத்திரி வேலை. நியூயார்க்கைவிட நைரோபி ஏழெட்டு மணி நேரம் முன்னால். அங்கே சாயங்காலம் ஒருவனுக்கு அசைன்மென்ட் பயத்தில் கை நடுங்கினால் இங்கே விடிவதற்குள் எழுதி முடிக்க வேண்டும். மாசக் கடைசியில் எம்பெசாவில், அதாவது போனிலேயே பணம் வாங்கி அனுப்பும் சேவையில், காசு வரும், "கஸ்டமர் ரிஜெக்ட் பண்ணிட்டான்" என்று ஒரு பிடித்தம் போக. நிஜமாகவே ரிஜெக்ட் பண்ணினானா என்று பார்க்க இவளுக்கு வழி கிடையாது. சில மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

அடுத்து டிரான்ஸ்கிரிப்ஷன். ஆடியோவைக் கேட்டு அப்படியே டைப் அடிப்பது. கூலி ஆடியோ நிமிஷத்துக்குத்தான், நாம் உட்கார்ந்த நேரத்துக்கு இல்லை. ஒரு மணி நேர ஆடியோவுக்கு நாலு மணி நேரம் பிடிக்கும். நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினால் ஆறு. எங்கள் வைஃபைக்காக எங்கள் டைனிங் டேபிளிலேயே வந்து உட்காருவாள். ஒருநாள் டெக்சாஸ் மாட்டுப் பண்ணைக்காரர்களின் இன்ஷூரன்ஸ் மீட்டிங். ஹெட்ஃபோனைக் கழற்றி என் காதில் வைத்து, "ஆன்ட்டி, இவர் என்ன சொல்றார்?" என்றாள். எனக்கும் புரியவில்லை. நேரத்தைக் குறித்து 'கேட்கவில்லை' என்று போட்டாள். அப்படிப் போடுவதற்கும் ஒரு அளவு உண்டாம், தாண்டினால் ரேட்டிங் இறங்கிவிடும்.

தன் பெயரில் ப்ரொஃபைல் திறந்த பிறகு அவளுக்கு அமைந்த முதல் நல்ல கிளையன்ட், கனடாவில் ஒரு சர்ச். வாராவாரம் பிரசங்கத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். இவள் சின்ன வயசிலிருந்து கொயரில் பாடுகிறவள். போதகர் பாதி வசனம் சொல்லும்போதே அது எந்த அதிகாரம், எத்தனையாவது வசனம் என்று கை தானாக அடித்துவிடும். மற்றவர்கள் ஒவ்வொன்றையும் தேடிப் பார்க்க வேண்டும். ரெஸ்யூமில் எங்கேயும் இல்லாத தகுதி அது. நான்தான் சண்டை போட்டு ப்ரொஃபைலின் முதல் வரியில் போட வைத்தேன்.

காசு வந்தபோதுதான் அடுத்த சிக்கல். பேபாலில் இருந்து எம்பெசாவுக்கு எடுக்கும் வசதி 2018லிருந்து இருக்கிறது. ஆனால் இரண்டிலும் பெயர் ஒத்துப்போக வேண்டும். இவர்கள் கிக்குயு இனக் குடும்பம். ஞானஸ்நானப் பெயர் ஒன்று, அப்பா பெயர் ஒன்று, நடுவில் பாட்டி பெயர். மூத்த பெண்ணுக்கு அப்பாவைப் பெற்றவள் பெயரை வைப்பது இங்கேயும் வழக்கம். ஐடியில் மூன்றும் இருக்கிறது, பேபாலில் இவள் இரண்டைத்தான் கொடுத்திருந்தாள். சரி செய்யும் வரை அந்த டாலர் கண்ணுக்குத் தெரிந்தது, கைக்கு வரவில்லை. என்னைக் கேட்டால், இந்த ஊர்களில் புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் முதல் வேலைக்கு விலை சொல்லிக் கேட்பதற்கு முன்னால் காசு எந்த வழியாகக் கைக்கு வரும் என்பதைக் கடைசிப் படி வரை நடந்து பார்த்துவிட வேண்டும். திறமையைப் பிறகு வளர்த்துக்கொள்ளலாம்.

இகேஜா சகோ:

அக்கா சொன்ன கடைசிப் பாயின்டுக்கு லாகோஸிலிருந்து ஒரு சாட்சி. எங்கள் கம்பெனி ஸ்டோர்ஸில் வேலை பார்த்த பையன் ராத்திரியில் லோகோ டிசைன் பண்ணுவான். நல்ல கை. அப்போது நைரோபியில் பேபாலில் பணம் வாங்கினார்கள், நைஜீரியா அக்கவுண்டில் அனுப்ப முடிந்தது, வாங்க முடியவில்லை. "பேபால் இருக்கா?" என்று கிளையன்ட் கேட்டாலே பையன் முகம் தொங்கிவிடும். பயோனியர் என்ற இன்னொரு பணச் சேவை வழியாக வாங்கி, பாங்கில் 'டாம்' அக்கவுண்டில், அதாவது டாலரிலேயே, வைத்துக்கொள்ளப் பழகினான். அதுதான் அவனைக் காப்பாற்றியது. 2023 ஜூனில் நைராவின் மதிப்பைப் பிடித்து வைக்காமல் சந்தையில் அவிழ்த்துவிட்டார்கள். 460 வாக்கில் இருந்த டாலர் அந்த மாசமே 750ஐத் தொட்டது, 2024 ஆரம்பத்தில் 1500ஐத் தாண்டியது. நைராவில் சம்பளம் வாங்கிய நாங்கள் எல்லாம் அவனைப் பார்த்துப் பெருமூச்சு விட்டோம்.

ஆனால் செலவும் சேர்ந்தே ஏறியது. இங்கே கரண்ட் எப்போது வரும் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். வந்தால் தெருவே "அப் நேபா!" என்று கத்தும். நேபா என்ற மின்சார நிறுவனம் போய் வருஷக் கணக்காகிறது, பெயர் மட்டும் வாயில் நிற்கிறது. கயிற்றை இழுத்து ஸ்டார்ட் பண்ணும் சின்ன ஜெனரேட்டருக்கு இந்த ஊரில் 'ஐ பெட்டர் பாஸ் மை நெய்பர்' என்று பெயர். ஒரு ஃபேன், இரண்டு பல்பு, ஒரு லேப்டாப் தாங்கும். 2023 மே 29இல் டினுபு ஜனாதிபதியாகப் பதவியேற்ற மேடையிலேயே பெட்ரோல் மானியம் முடிந்தது என்றார். 200 நைராவுக்குள் இருந்த லிட்டர் 500 பக்கம் போனது. அதற்குப் பிறகு பையன் பெட்ரோல் செலவையும் கணக்கில் சேர்த்துத்தான் ரேட் சொல்வான்.

இன்னொன்று. லாகோஸில் இளவட்டம் ஒருத்தன் லேப்டாப் பையோடு நடந்தால் 'யாஹூ பாய்', அதாவது ஆன்லைன் மோசடிக்காரன், என்று போலீஸ் நிறுத்தும். போனைத் திறக்கச் சொல்லும். 'சார்ஸ்' என்ற போலீஸ் பிரிவைக் கலைக்கச் சொல்லி 2020 அக்டோபரில் வெடித்த என்ட்சார்ஸ் போராட்டத்துக்கு இந்த மாதிரிப் பிடுங்கலும் ஒரு காரணம். இவன் கிளையன்ட் ஒப்பந்தங்களைப் பிரின்ட் எடுத்துப் பையிலேயே வைத்திருப்பான். ஒருமுறை நிறுத்தியவர் அதைப் படித்துப் பார்த்துவிட்டு, "என் தம்பிக்கும் இதைச் சொல்லிக்கொடு" என்றாராம். நம்பர் மட்டும் வாங்கிக்கொண்டு விட்டாராம். அவன் சொன்னது, நான் நம்புகிறேன்.

திருச்சி வாத்தியார்:

எல்லாம் சரிம்மா. பரீட்சைக்கு ஆள் மாற்றி எழுதுவது மாதிரிதானே அந்த அகாடமிக் ரைட்டிங்? இரண்டு பத்தி எழுதியும் அதைத் தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே.

பார்க்லேண்ட்ஸ்வாசி:

தப்புதான் சார், மறுக்கவில்லை. இங்கிலாந்தில் 2022இல் சட்டம் போட்டே இந்தக் கம்பெனிகளைத் தடை செய்துவிட்டார்கள். ஆனால் காசு கொடுத்து எழுத வைத்தவன் பட்டம் வாங்கிக்கொண்டு போகிறான், அவனைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 300 ஷில்லிங்குக்குக் கண் விழித்தவள்தான் எல்லார் வாயிலும் விழுகிறாள். அதே 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு அந்த வேலையே வற்றிக்கொண்டு வருகிறது என்கிறாள். வருத்தப்பட்ட மாதிரித் தெரியவில்லை.

கோவை ஸ்டூடியோ:

நான் மறுபக்கம், வேலை கொடுக்கிறவன். ட்ரெயினிங் வீடியோ செய்து கொடுக்கும் சின்ன ஸ்டூடியோ. கிழக்கு ஆப்பிரிக்காவில் காட்டப் போகும் வீடியோவுக்கு அந்தப் பக்கத்து ஆங்கிலம் வேண்டும் என்று கிளையன்ட் கேட்டார். உகாண்டாவின் கம்பாலாவில் ஒரு குரல்காரரைப் பிடித்தோம். 2021 ஜனவரியில் டெலிவரி. தேதி பேசும்போதே அவர், "14ஆம் தேதி எங்களுக்குத் தேர்தல். 11ஆம் தேதிக்குள் எல்லாம் அனுப்பிவிடுகிறேன், அப்புறம் கொஞ்ச நாள் என்னைத் தேடாதீர்கள்" என்றார். இவர் என்ன இவ்வளவு பயப்படுகிறார் என்று எங்கள் ஆபீசில் சிரித்தார்கள். வாக்கெடுப்புக்கு முந்தின ராத்திரி உகாண்டா முழுக்க இன்டர்நெட்டை அணைத்தார்கள். திரும்பி வர ஐந்து நாள் போல ஆனது. அவருடைய ஃபைல்கள் அதற்குள் எங்கள் டிரைவில் இருந்தன. அதே வீடியோவுக்குப் படம் வரைந்த இன்னொருவரும் அந்த ஊர்தான். ஒன்றும் சொல்லாமல் காணாமல் போனார். பாவம், அவர் தப்பில்லை, ஆனால் அடுத்த வேலை குரல்காரருக்குத்தான் போனது.

இதைவிடக் கொடுமை கேமரூன். ஆங்கிலம் பேசும் பகுதிகளுக்கு மட்டும் 2017 ஜனவரியிலிருந்து 93 நாள் இன்டர்நெட் கிடையாது. புவேயா ஊர்ப் பசங்கள் சிக்னல் கிடைக்கிற பொனாகோ என்ற கிராமத்தில் ஒரு இடம் பிடித்து, அதற்கு 'இன்டர்நெட் அகதி முகாம்' என்று பெயர் வைத்து வேலை பார்த்தார்கள். நம்மூரிலும் நெட்டை நிறுத்துகிறார்கள், அது தனிக் கதை.

அக்ராவில் ஒருத்தி:

கானா. சுருக்கமாக. 2024 மார்ச் 14 அன்று ஐவரி கோஸ்ட் பக்கம் கடலுக்கடியில் கேபிள்கள் அறுந்தன. ஒன்றல்ல, வாக்ஸ், மெயின்ஒன், ஏஸ், சாட்-3 நாலும். என் தோழி ஒரு அமெரிக்க டாக்டருக்கு அப்பாயின்ட்மென்ட் பார்க்கும் விர்ச்சுவல் அசிஸ்டென்ட். எச்சரிக்கையாக இரண்டு கம்பெனி சிம் வைத்திருந்தாள். இரண்டும் ஒரே நேரத்தில் படுத்துவிட்டன. தரையில் கம்பெனி வேறானாலும் கடலுக்குள் வழி ஒன்றுதான். ஐஎஸ்டி போட்டு டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் நியூஸ் பார்த்திருந்ததால் வேலை தப்பியது.

புதுவரவு:

பார்க்லேண்ட்ஸ் அக்கா, என் கணவருக்கும் நைரோபிக்கு டிரான்ஸ்ஃபர் வரும்போல. நான் இங்கே சென்னையில் கன்டென்ட் ரைட்டர். அங்கே வந்து டிபெண்டன்ட் பாஸிலேயே வெளிநாட்டு கிளையன்ட்டுக்கு எழுதினால் யார் கேட்கப் போகிறார்கள்? அப்புறம் அந்தப் பெண் இப்போது என்ன செய்கிறாள், சொல்லாமல் விட்டுவிட்டீர்களே.

பார்க்லேண்ட்ஸ்வாசி:

யார் கேட்கப் போகிறார்கள் என்று வராதே தங்கச்சி. பர்மிட் விஷயத்தில் வாட்ஸ்அப் குரூப்பில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். கணவர் கம்பெனியில் இமிக்ரேஷன் வேலை பார்க்கும் வக்கீல் இருப்பார், அவரிடம் எழுத்திலேயே கேட்டு வாங்கிவிடு. வீடு பார்க்கும்போது ஹோம் ஃபைபர் அந்தக் கட்டடத்துக்குள் வந்திருக்கிறதா என்று கேள். தெருவில் வந்திருக்கிறது என்றால் போதாது. கரண்ட் இங்கே ப்ரீபெய்ட், டோக்கன் எண்ணை மீட்டரில் அடிக்க வேண்டும். பாதி ராத்திரியில் தீர்ந்தாலும் போனிலேயே வாங்கிவிடலாம்.

அந்தப் பெண் நைரோபிக்குப் பக்கத்தில் ருயிருவில் தனியாக ஒரு பெட்சிட்டர், அதாவது ஒற்றை அறை வீடு, எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கனடா சர்ச் இன்னும் இருக்கிறது, அவர்கள் மூலமாக இன்னும் இரண்டு சர்ச். மெஷினே டைப் அடித்துக் கொடுத்துவிடுகிறது, இவள் திருத்துகிறாள். நிமிஷத்துக்கு ரேட் குறைந்தது, ஆனால் வேகம் கூடியதால் மாத வரவு அடிபடவில்லை. ஊர்ப் பெயர், ஆள் பெயர் எல்லாவற்றையும் மெஷின் கோட்டை விடுகிறது, அங்கேதான் இவளுக்குச் சோறு. போன ஞாயிறு வந்திருந்தாள். ஜூன் 30க்குள் டாக்ஸ் ரிட்டர்ன் போட வேண்டும், கனடாவில் இருந்து வந்ததை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று கேட்டாள். என் கணவரும் அவளும் சாப்பாட்டை ஆறவிட்டு அந்த ஃபாரத்தோடு உட்கார்ந்திருந்தார்கள்.